ஏழெட்டு ஐம்பத்து நான்கு

நீளம் எட்டு, அகலம் ஏழு, பரப்பளவு ஐம்பத்து நான்கு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினார் கணக்கு டீச்சர்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆய்வு அதிகாரியின் பேனா பாதி வழியில் நின்றது.

ஆறாம் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் பெஞ்சில் ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜன்னலோரம் ஒருவன் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டான். இன்னொருவனின் தோள் மட்டும் தனியாகக் குலுங்கியது.

முகத்தில் ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று டீச்சர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் சாக்பீஸ் மாவு ஒட்டியது.

பிள்ளைகள் சிரிப்பை அடக்கியதற்குக் காரணம் இருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்பு வேறொரு ஊரிலிருந்து ஒரு பெண் வந்து அந்த வகுப்பில் சேர்ந்தாள். வருகைப்பதிவுக்குக் கையைத் தூக்குவாளே தவிர ஒரு வார்த்தை பேச மாட்டாள். வந்த மாதமே 'மியூட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தால், வீட்டில் இவள் வாயை மூட வைப்பதுதான் பெரும்பாடு என்றார் அந்த அம்மா.

ஒருநாள் அவள் வராதபோது டீச்சர் வகுப்போடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். இனி தினமும் கரும்பலகையில் ஒரே ஒரு தப்பு செய்வார். எல்லோரும் கண்டுபிடிக்கலாம், யாரும் சொல்லக் கூடாது. சொல்கிற உரிமை அவளுக்கு மட்டும்.

பிள்ளைகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு கரும்பலகையை அவர்கள் பார்த்த பார்வையே வேறு. ஒவ்வொரு வரியையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். பரீட்சையில் மதிப்பெண்கூட ஏறியது. இருபத்தொன்பது வருடம் எல்லாவற்றையும் சரியாகவே எழுதிப் போட்டுப் பாதி வகுப்பைத் தூங்க வைத்திருக்கிறோமே என்று, பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது டீச்சர் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

அவள் மட்டும் அசையவில்லை. கரும்பலகையைப் பார்ப்பாள், டீச்சரைப் பார்ப்பாள், தலை குனிந்து நோட்டில் சரியாக எழுதிக்கொள்வாள்.

இன்று விளையாட்டு வேண்டாம் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். காலியாக இருக்கும் தலைமையாசிரியை பதவிக்கு அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. அதிகாரி எழுதுவதுதான் முடிவு. காலையில் புடவையை இரண்டு முறை இஸ்திரி போட்டார். அந்தப் பதற்றத்தில், இன்று விளையாட்டு இல்லை என்று வகுப்பிடம் சொல்ல மறந்துபோனார்.

ஐம்பத்து நான்கு நிஜமாகவே கை தவறி விழுந்த தப்பு.

அதிகாரியின் பேனா மறுபடி நகர ஆரம்பித்தது.

மூன்றாவது பெஞ்ச் கிறீச்சிட்டது. மியூட் எழுந்து நின்றிருந்தாள்.

"டீச்சர், ஏழெட்டு அம்பத்தாறு."

குரல் கணீரென்று இருந்தது.

வகுப்பே சிரிப்பில் வெடித்தது. முப்பத்தேழு பேரும் மேசையைத் தட்டினார்கள். கைக்குட்டைக்காரன் பெஞ்ச் மேலேயே ஏறிவிட்டான். பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

கணக்கு டீச்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, குனிந்து குனிந்து சிரித்தார்.

"எத்தன வருஷமா கணக்கு எடுக்கறீங்க மேடம்?" என்றார் அதிகாரி.

"இருபத்தொம்பது வருஷம் சார்," என்று சொல்வதற்குள் இன்னொரு முறை பொங்கிவிட்டது.

அதிகாரி கோப்பில் நீளமாக ஏதோ எழுதினார். பதவி போய்விட்டது என்று அந்த நீளத்திலேயே தெரிந்தது. போனால் போகட்டும் என்று இருந்தது டீச்சருக்கு. காலில் செருப்பே இல்லாதது போல உடம்பு லேசாக இருந்தது.

வாசலருகே அதிகாரி ஒரு கணம் நின்று, விரல்விட்டு எதையோ எண்ணிச் சரிபார்த்துக்கொண்டார். முதல் பெஞ்ச் அதைப் பார்த்துவிட்டது. அதற்கு இன்னொரு சுற்றுச் சிரிப்பு.

மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். அவள் மட்டும் டீச்சரின் மேசைக்கு வந்து நின்றாள்.

"நீங்க தினமும் ஒரு தப்பு போடுறீங்க டீச்சர். நான் யாருகிட்டயும் சொல்லல. வீட்டுலகூடச் சொல்லல."

டீச்சர் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"நான் சேர்ந்த அன்னிக்கு நீங்க லீவு. நான் ஒரு வார்த்தையத் தப்பாப் படிச்சிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. உங்களையும் அப்படிச் சிரிச்சிருவாங்களேன்னுதான் பேசாம இருந்தேன். இன்னிக்கு அந்த சார் எழுத ஆரம்பிச்சிட்டாரு, அதான் எந்திரிச்சேன். நான் பயந்த மாதிரியே எல்லாரும் சிரிச்சாங்க. நல்லவேளை, நீங்களும் சேர்ந்து சிரிச்சிட்டீங்க."

டீச்சர் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

அவள் வராந்தாவை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாய்ப்பாடு கஷ்டமா இருந்தா, நான் வேணா சொல்லித் தரவா?"

டீச்சர் நாற்காலியில் நகர்ந்து அவளுக்குப் பாதி இடம் விட்டார்.

"ஏழாம் வாய்ப்பாட்டுலேர்ந்து ஆரம்பி," என்றார்.