இடப்பக்கப் பின்சக்கரம்

மகள் கவிநயா காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. காருக்கு மட்டும் அது தெரியாது. யார் எங்கே உட்காருவார்கள் என்று சக்கரங்களின் காற்றழுத்த சென்சார்கள் எடையை வைத்தே பழகியிருந்தன. கிளப்பும்போதெல்லாம், "பாப்பா இன்னும் ஏறல" என்று கார் காத்து நிற்கும். அருள்வேல் எதிரே சாலையையே வெறித்திருப்பார். மனைவி பவளமோ இறங்கிப்போய், மகள் உட்காரும் இடப்பக்கப் பின்கதவைத் திறந்து மூடிவிட்டு வருவாள். கதவுச் சத்தத்தை நம்பிக் கார் கிளம்பும்.

சக்கரங்களை மாற்றப் போனபோது டயர்க் கடைக்காரர் கேட்டார்: "பழைய சென்சாரையே மாட்டிரட்டுங்களா?"

"வேண்டாங்க. புதுசாவே போட்டுருங்க," என்றார் அருள்வேல், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

மாட்டி முடித்ததும் கடைக்காரர் சொன்னார்: "வீட்டாளுங்க எல்லாரும் அவங்கவங்க இடத்துல கொஞ்சம் உக்காருங்க. பழகிக்கும்."

இருவரும் முன்னால் ஏறி உட்கார்ந்தார்கள்.

"எல்லாரும் ஏறியாச்சு. கிளம்பலாம்," என்றது கார்.

இதைக் கேட்கத்தான் அவர் இத்தனை நாள் ஏங்கியிருந்தார். கேட்டதும் கை ஸ்டியரிங்கிலேயே நின்றுவிட்டது.

பவளம் இறங்கினாள். ஓரமாகக் கிடந்த பழைய சக்கரங்களைக் காட்டி, "இதுல பின்னாடி இடப்பக்கம் இருந்தது எதுங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டாள். அவர் காட்டியதன்மேல் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா இன்னும் ஏறல," என்றது கார்.