ஊதா முத்திரை இருந்த இடம்

எழுத்தர் சான்றிதழை ஜன்னல் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். இது வசந்தாமணி சேர வந்திருக்கும் மூன்றாவது கல்லூரி. அப்பா சாமியப்பன் துணி வெளுக்கும் வேலைக்காகச் சலவைப் பட்டறை மாறும் ஊருக்கெல்லாம் அவள் படிப்பும் மாறுகிறது. முந்தைய இரண்டு கல்லூரிகளில் படித்ததை இங்கே ஒப்புக்கொண்டால்தான் கடைசி வருடத்தில் உட்காரலாம். இல்லையென்றால் தை மாதமே கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. மார்போடு அணைத்திருக்கும் பனியன் துணிப் பொட்டலம் இன்னும் லேசாக ஈரமாயிருக்கிறது. அழுக்குப் படக்கூடாதென்று அப்பாதான் நேற்று வெளுத்த புதுத் துணியில் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் சுற்றிக் கொடுத்தார். பிளீச்சிங் பவுடர் நெடி அறை முழுக்கப் பரவுகிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது.

"சீல் எங்கம்மா? கையெழுத்தும் காணமே?"

"இருந்துச்சுங்க சார். நேத்துக்கூடப் பாத்தனுங்க."

அச்செழுத்து மட்டும் நிற்கிறது. ஊதா முத்திரை இருந்த இடத்தில் வெளிறிய ஒரு வட்டம்.

"எதுல சுத்தி வெச்சிருந்தீங்க?"

"நம்ம பட்டறைத் துணிதானுங்க," பக்கத்தில் நிற்கும் அப்பா வழக்கமான பெருமையோடு தொடங்குகிறார். "எந்தக் கறையும் நிக்காதுங்..."

பாதியில் நின்றுவிடுகிறார். சலவை மருந்தில் வெந்து வெளுத்த அவர் விரல்கள் வேட்டி மடிப்பைப் பற்றுகின்றன.

"சரி, அடுத்த காலேஜ் சர்டிபிகேட்டைக் குடும்மா."

அது பொட்டலத்துக்குள்தான் இருக்கிறது. வசந்தாமணி அதைப் பிரிக்காமல் நிற்கிறாள்.