அஞ்சியோகிராம் நாள்

“நோ இல்லாமல் ஆரும் ஆஸ்பத்திரிக்குப் போவினமே, பிள்ளை?” என்று பாலசுந்தரம் மகளைக் கேட்டார்.

பொரளை ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் நேரமாகியும் அவர் பேப்பரை மடிக்கவில்லை.

“நீ கொலஸ்ட்ரோல் குளிசையை ஒருநாளும் தவறவிடேல்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில நாள் தவறாமல் நடக்கிறம். மட்டன் ரோல்ஸைக் கண்ணிலயும் காட்டுறேல்லை. பிறகேன் உனக்கு அஞ்சியோகிராம்? நெஞ்சு நொந்தால் போவம்.”

“அது உங்கட நெஞ்சுக்குச் சரி, அப்பா,” என்றாள் ஆரணி. “எனக்கு வைச்சது வேற ஆளின்ர இதயம். நரம்புகளை வெட்டித்தான் பொருத்தினவை. ரத்தக்குழாய் அடைச்சாலும் நோகாமல் இருக்கலாமாம்.”

இதயம் மாற்றிய இந்த மூன்று வருடமாகத் தினமும் காலையில் “நோகுதே?” என்று கேட்டு, “இல்லை” என்றதும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பவர் அவர். அதைக் கெடுக்க மனமில்லாமல்தான் அவள் இவ்வளவு நாளும் சொல்லவில்லை.

பாலசுந்தரம் பேப்பரை மடித்து வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஓட்டோ பிடிக்கக் கீழே இறங்கிப் போனார்.