ஐந்து ஆட்சேபணைகள்

"அந்த அஞ்சு பேரும் யாருன்னு எனக்குத் தெரியும். நாளையிலேர்ந்து ஒருத்தருக்கும் என் கடையில ஒரு உருளைக்கிழங்கு கிடையாது."

கவுன்சில் கூடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு மெர்வ் கோரி இதைச் சொன்னான். மெதுவாகச் சொல்வதாகத்தான் அவன் நினைப்பு. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அந்த ஐந்து பேரும் கடைசி வரிசையில்தான் இருந்தார்கள். நடுவில் பெரில் ஹோகார்ட். மெர்வுடைய காய்கறிக் கடைக்குப் பின்வீட்டுக்காரி, எழுபத்துநாலு வயது. மற்ற நால்வரும் புதன்கிழமை தவறாமல் அவளோடு சீட்டாடுகிறவர்கள்.

மெர்வ் கேட்டது ஒரு கார் நிறுத்துமிடம். கடைக்குப் பக்கத்துக் காலி மனை அவனுடையதுதான். போன வருஷம் கடை வாசல் ரோட்டில் வண்டி நிறுத்தக்கூடாது என்று மஞ்சள் கோடு போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து வாடிக்கையாளர்கள் காரிலிருந்தே கையை ஆட்டிவிட்டு நேரே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். வேலைக்கு இருந்த ஐந்து பேரில் மூன்று பேர்தான் மிச்சம். இன்றைக்கு அனுமதி கிடைக்காவிட்டால் குளிர்காலத்துக்குள் கடைக்குப் பூட்டு.

திட்ட அதிகாரி டெரன்ஸ் லாம் அறிக்கையை வாசித்தார்.

"நுழைவாயில் ரோட்டு வளைவிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி இருக்கணும். இங்கே முப்பத்தெட்டுதான் இருக்கு. அஞ்சு ஆட்சேபணைக் கடிதம் வந்திருக்கு. நிராகரிக்கலாம்னு பரிந்துரை."

"ரெண்டு மீட்டர்" என்றான் மெர்வ். "ஒரு பூசணிக்கொடி அதைவிட நீளம் ஓடும்."

"நீங்க பேசவேண்டிய மூணு நிமிஷம் இன்னும் ஆரம்பிக்கலை, மெர்வ்" என்றார் குழுத் தலைவி நோரீன் பாஸ்கோ.

ஆரம்பித்தது. லாரியின் பின்பக்கம் நின்று தர்பூசணி விற்று முன்னுக்கு வந்தவன். அவனுக்குத் தெரிந்த ஒரே பேச்சைத்தான் அங்கேயும் பேசினான்.

"பதினாலு கார் நிறுத்தக் கேட்டிருக்கேன். சரி, பன்னெண்டு வச்சுக்குங்க."

"இது ஏலம் இல்லை, மெர்வ்."

"பத்து. அதுக்குக் கீழே எனக்குக் கட்டுப்படியாகாது. நீங்களும் கொஞ்சம் இறங்கி வரணுமில்ல?"

ஏழு கவுன்சிலர்களில் மூன்று பேர் சிரிப்பை டீக் கோப்பைக்குள் மறைத்துக்கொண்டார்கள். மணி அடித்தது. மெர்வ் முகம் சிவக்க உட்கார்ந்தான்.

அடுத்து பெரில் எழுந்தாள்.

"வந்துட்டா" என்று முணுமுணுத்தான். கடையின் குளிர்பதன அறை இரைகிறது என்று கவுன்சிலுக்கு எழுதியவள். கடைப் பலகை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று எழுதியவள். பன்னிரண்டு வருஷத்தில் அவன் எதைத் தொட்டாலும் எழுதியவள்.

"உள்ளே வந்து திரும்பற காரோட விளக்கு என் படுக்கையறையில அடிக்கும்" என்றாள் பெரில். "அவ்வளவுதான்."

நோரீன் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன செஞ்சா உங்களுக்குச் சரிப்படும்?"

"இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி வேலி. அது இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை."

"எங்களுக்கும் அதேதான்" என்றார்கள் சீட்டாட்டக்காரர்கள் நாலு பேரும்.

நோரீன் அதிகாரி பக்கம் திரும்பினார். "அந்த ரெண்டு மீட்டரை நாங்க விட்டுக்கொடுக்கலாமா, டெரன்ஸ்?"

"நீங்க கொடுக்கலாம். எனக்குத்தான் அந்த அதிகாரம் இல்லை."

கைகள் உயர்ந்தன. நாலுக்கு மூணு. வேலி போட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி.

வெளியே வந்ததும் மெர்வுக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. படியிறங்கிக்கொண்டிருந்த பெரிலை மறித்தான்.

"ஒரு வேலிக்காகவா அஞ்சு கடிதாசு? பின்பக்கம் வந்து ஒரு குரல் கொடுத்திருந்தா நானே நட்டிருப்பேனே. ரெண்டு வாரமா சோறு இறங்கலைங்க எனக்கு."

"தெரியும். நீ உன் பெண்டாட்டிகிட்ட கத்தினது என் சமையலறை வரைக்கும் கேட்டுது."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"உன்கிட்ட ஒண்ணு சொன்னா மத்தியானத்துக்குள்ள ஊர் முழுக்கத் தெரிஞ்சுடும், மெர்வ்" என்றாள் பெரில். "பாட்டில்பிரஷ் செடியா பார்த்து நடு. சீக்கிரம் வளரும்."

சிநேகிதிகள் நாலு பேரும் காத்திருந்த காரில் ஏறிப் போய்விட்டாள்.

"பிடிவாதம் பிடிச்ச கிழவி" என்றான் மெர்வ்.

பக்கத்தில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்த டெரன்ஸ் லாம் நிமிர்ந்தார்.

"உங்க விண்ணப்பத்தை நிராகரிச்சு எழுதின கடிதம் என் மேசையில கையெழுத்துக்குத் தயாரா இருந்தது, தெரியுமா?"

"என்னது?"

"யாரும் ஆட்சேபிக்காத விண்ணப்பத்தை நானே முடிச்சுடணும். ரெண்டு மீட்டர் குறைஞ்சா நான் இல்லைன்னுதான் சொல்ல முடியும். அஞ்சு பேர் ஆட்சேபிச்சாத்தான் அது கவுன்சிலர்கள் முன்னாடி போகும். ஆட்சேபணைக்குக் கடைசி நாள் சாயங்காலம் நாலே முக்காலுக்கு, அஞ்சு கடிதத்தையும் ஒரே ஆள் கொண்டுவந்து கொடுத்தாங்க."

மெர்வ் "குருட்டு அதிர்ஷ்டம்" என்றான்.

"உங்க விண்ணப்பம் வந்த வாரமே பெரில் வந்து வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாங்க. 'ரெண்டு மீட்டர் குறையுதே'ன்னு சொல்லிட்டுப் போனாங்க." டெரன்ஸ் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். "இந்த ஆபீஸ்ல முப்பது வருஷம் டைப்பிஸ்டா இருந்தவங்க, மெர்வ். அஞ்சு பேர் ஆட்சேபிக்கணும்ங்கிற அந்த விதியை டைப் அடிச்சதே அவங்கதான்."