முன்வரிசை சோபா சொன்ன வரலாறு

இடிக்கப்பட்ட பல்சுவை நாடகக் கொட்டகையின் சோபாவும் மேடைப் படுதாவும் ஒரு கிடங்கில் கிடந்தன.

"அந்தக் கொட்டகையில அப்படி என்னதான் நடந்தது?" என்று கேட்டது அங்கே குடியிருந்த எலி.

"ஜமீன்தார் ஐயா என் மேலதான் உட்காருவாரு. அதுதான் வரலாறு," என்றது சோபா.

"கயித்துல நடந்த ரஞ்சிதம் பேரைச் சொல்லேன்," என்றது படுதா.

"அது யாரு?" என்றது சோபா.

படுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் ஐயா தாமதமா வந்தாரு. அவருக்காக ஆட்டத்தை முதல்லேருந்து ஆடச் சொன்னாங்க. களைச்சுப்போனவ மறுபடி ஏறினா, விழுந்து செத்தா. அவளை மறைக்க என்னைத்தான் இறக்கினாங்க. இதைச் சொல்லுவியா, மாட்டியா?"

சோபா யோசித்தது.

"ஆமா, ஞாபகம் இருக்கு. ஆட்டம் பாதியில நின்னதுல ஐயாவுக்கு ரொம்ப வருத்தம்."