கல்லுளிமங்கி

"எதிர் வீட்டுப் பொண்ணைப் பத்தி விசாரிக்கணும்மா. நாட்டுப் பாதுகாப்புத் துறையில வேலைக்குத் தேர்வாகியிருக்காங்க. அக்கம்பக்கத்துல கேட்டுட்டுத்தான் சேர்த்துக்குவோம்."

வாசலில் நின்ற அதிகாரி அடையாள அட்டையை நீட்டினார். நான் அதைப் படிக்கக்கூட இல்லை. இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். வீடு தேடி வந்து வம்பு கேட்கிற ஆள் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"அவளா? சரியான கல்லுளிமங்கி சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"என்ன சம்பளம்னு கேட்டா, 'போதும்க்கா'ன்னு சிரிப்பா. ஏன் இன்னும் கல்யாணம் ஆகலைன்னு கேட்டா, 'பிள்ளைக்குச் சளி விட்டுதாக்கா'ன்னு என்னையே கேட்பா. அவ கதவு சத்தம் கேட்டாலே அடுப்பை அணைச்சிட்டு ஓடுறேன் சார். ஒரு பிரயோஜனமும் இல்ல."

"வேற யார்கிட்டயாவது கேட்டுப் பார்த்தீங்களா?"

"விடுவேனா? பால்காரர், தபால்காரர், மாடி வீட்டம்மா... அவ குப்பைக் கூடையைக்கூட ஒருநாள்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்டயே தப்பிச்சிருக்காங்கன்னா, எங்ககிட்ட இதுக்கு மேல பரீட்சை இல்லம்மா."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குறை சொல்ல உட்கார்ந்து, நற்சான்று கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

எழுந்தவர் தயங்கினார். "ஆனா ஒரு சிக்கல். அவங்க எங்ககிட்ட சொன்னதுல ஒண்ணு பொய். எங்க வேலையில ஒரு பொய் இருந்தாலும் ஆளை எடுக்க மாட்டோம்."

நான் அவர் வழியை மறித்து நின்றேன்.

"அவ பொய் சொல்ற ஆளே இல்ல சார். பிடிக்கலைன்னா பேசாம இருப்பா, அவ்வளவுதான். படுத்த படுக்கையா கிடக்கிற அம்மாவுக்கு அவளை விட்டா யாரு இருக்கா? இந்த வேலையைக் கெடுத்துடாதீங்க."

"இவ்வளவு நேரம் அவங்களைத் திட்டிட்டு இருந்தீங்களே?"

"அது வேற சார். அப்படி என்ன பொய் சொல்லிட்டா?"

அவர் காகிதத்தைப் புரட்டினார்.

"உங்களை நோட்டம் விடறவங்க, துருவித் துருவிக் கேட்கறவங்க யாராவது அக்கம்பக்கத்துல உண்டான்னு கேட்டோம். 'அப்படி யாரும் இல்ல. எதிர் வீட்டு அக்கா இருக்காங்க, தங்கமானவங்க. அடுத்தவங்க விஷயத்துல தலையிடவே மாட்டாங்க'ன்னு சொன்னாங்க."

காது மடல் சுட்டது. பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன், முகத்தை மறைக்க எனக்கு ஏதாவது வேண்டுமே.

"அது பொய் இல்லைங்க சார்" என்றேன். "இன்னியிலேருந்து நிஜம்னு எழுதிக்குங்க."