ஏறாத ஜாக்கி

“ஜாக்கி நாலும் மேல ஏற மாட்டேங்குது தம்பி. நாளைக்கு நாங்க ஃபீனிக்ஸ் கிளம்பியாகணும்!” என்று வெண்டல் போனில் கத்தியதும், ரிப்பேர் சாமான்களோடு என் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

குவார்ட்சைட் பாலைவன முகாமில் அவர்கள் குடியிருந்தே பயணம் போகும் வீட்டு வண்டி, நாலு ஜாக்கிகளையும் கால் மாதிரி மணலில் ஊன்றிக்கொண்டு நின்றது. அவை மேலே ஏறினால்தான் வண்டி நகரும். ஜாக்கியை ஏற்றும் பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஜாக்கிக்கான ஃபியூஸைக் காணோம்.

“எலி தூக்கிட்டுப் போயிருக்குமோ?” என்றார் வெண்டல், மூச்சு வாங்க.

“மூடியைத் திருப்பி மாட்டிட்டுப் போற எலியை நான் பாத்ததில்ல ஐயா.”

கை கழுவ உள்ளே போனேன். அவர் மனைவி ஒலீட்டா கதவைச் சாத்திவிட்டு உள்ளங்கையை விரித்தார். ஃபியூஸ் அதில் இருந்தது.

“நான்தான் எடுத்தேன்பா. ஃபீனிக்ஸ்ல அவரைச் சேர்க்கப் போறது கடைசி நாளுக்குன்னே இருக்கிற ஆஸ்பத்திரி. போனா திரும்ப மாட்டார். அவர்கிட்ட ஏதோ வைத்தியம்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னும் நாலு நாள் இங்கேயே என்கூட இருக்கட்டுமே.”

என் வண்டியில் அதே ஃபியூஸ் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. ஆனாலும் வெளியே வந்து, “சாமான் வரவழைக்கணும் ஐயா. ஒரு வாரம் ஆகும்” என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். வெண்டல் ஜன்னலை ஒருமுறை பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தார்.

“அவகிட்ட ரெண்டு வாரம்னு சொல்லேன் தம்பி. நான் திரும்பி வர மாட்டேன்னு அவளுக்கு இன்னும் தெரியாது.”